உருண்டைமேல் ஒரு நூல்

டிக்கெட் கடைச் சுவரிலுள்ள உலகப் படத்தில் விமானப் பாதை வில்லாக வளைந்து பனிப் பிரதேசத்துக்கு ஏறுகிறது. "நேரா போகாம ஏம்மா ஊரைச் சுத்துறான்? நாளைக்குத் தம்பிக்கு அவன் ஊரு நேரப்படி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள அவன் முகத்தைப் பாக்கணும்" என்கிறேன். கடைக்காரப் பெண் மேசைமேல் இருக்கும் பூமி உருண்டையையும் ஒரு நூலையும் என் பக்கம் தள்ளுகிறாள். "நீங்களே அளந்து பாருங்க, பெரியவரே." அவள் நூலை நம்பாமல் என் துண்டிலிருந்து ஒன்றை உருவி, இந்த ஊரில் ஒரு முனை, தம்பி ஊரில் ஒரு முனை வைத்து இழுக்கிறேன். கடல்மேல் கிடந்த நூல் இறுக இறுகத் தானாக மேலேறிப் பனிமேல் நிற்கிறது. மறுபடி இழுத்தாலும் அங்கேதான் போகிறது. "அதான் குறுக்கு வழி. பதினாலு மணி நேரம். மூணரைக்கு இறங்கிடுவீங்க." "நம்ம ஊரு மூணரையா, அவன் ஊரு மூணரையா?" "அவரு ஊருதான்." விரலை விரித்து நூலை அளக்கிறேன். ஒரு சாண்கூட இல்லை. "போடும்மா டிக்கெட்டை" என்கிறேன், தம்பி ஊர் முனையிலிருந்து விரலை எடுக்காமல்.