ஐந்தாவது கதவு

அலாரம் பெட்டியிலிருந்து நான்கு கதவுகளுக்குத்தான் ஒயர் இழுத்திருந்தேன். ஐந்தாவது இணைப்பு காலி. மூடிய கதவாகவே காட்டட்டும் என்று, வழக்கம்போல அதில் ஒரு ரெசிஸ்டரைப் பூட்டிவிட்டேன். ஆனாலும் சுவரில் மாட்டிய கீபேட், ‘கதவு 5 திறந்தது’ என்று காட்டியது. பிறகு தானாகவே மூடியதாகக் காட்டியது. திட்டிக்கொண்டே பெட்டியை மாற்றினேன். புதியதும் அதையேதான் காட்டியது.

“வேற கதவு எதுவும் இருக்கா சார்?”

வீட்டுக்காரர் சமையலறைச் சுவரைப் பார்த்தார். “இருந்துச்சு. பையன் அந்தப் பக்கமாத்தான் வருவான். ஒரு சண்டையில, இனி வராதேன்னு செங்கல் வச்சு அடைச்சுட்டேன்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“தவறிட்டான்.”

ஏன்டா கேட்டோம் என்றாகிவிட்டது. “அந்த அஞ்சை ஆஃப் பண்ணிடறேன் சார்.”

“வேணாம், இருக்கட்டும்.”

என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அலாரத்தை நிறுத்தும் ரகசிய எண்ணை அவரே பதித்தார். அலாரத்தை இயக்கினோம். உடனே ஐந்து திறந்தது. கீபேட் கீச்சிடத் தொடங்கியது. உள்ளே வந்தவர் எண்ணை அழுத்த அது கொஞ்ச நேரம்தான் தரும். தவறினால் சைரன் அலறும்.

“நம்பரை அழுத்துங்க சார்!”

அவர் அசையவில்லை. “அவனுக்கு நம்பர் தெரியாதே” என்றார்.

பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னார். கீபேடின் அருகில் நாங்கள் இருவருமே இல்லை. அவர் சொல்லச் சொல்லப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன.

கீச்சொலி நின்றது. ஐந்தாவது கதவு மட்டும் மூடவில்லை.