கணக்கில் வராத கை

கிரிக்கெட் லீக்கில் மிச்சமிருந்தவை இரண்டே அணிகள். வேகப்பந்து வீச மிச்சமிருந்தவள் ஜெனிஷா ஒருத்திதான். அவள் கை கெட்டுவிடக் கூடாதென்று வலது கையில் பட்டை கட்டி, வருடத்துக்கு முந்நூறு வீச்சு என்று சங்கம் அளந்து வைத்திருந்தது. எதை எறிந்தாலும் பட்டை எண்ணிவிடும். ஆகவே வீட்டில் மாங்காய்க்குக் கல் எறிவதும் தம்பிமேல் தலையணை எறிவதும் இடது கையால்தான்.

இறுதி ஆட்டத்தில் ஒன்பதாவது விக்கெட்டையும் வீழ்த்தியபோது அவளுக்கு ஒரே ஒரு வீச்சு பாக்கி. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பந்தை வலது கையாலேயே வானத்தை நோக்கி எறிந்தாள். பட்டை சிவந்துவிட்டது. இந்த வருடம் அந்தக் கை இனி வீசக் கூடாது.

“ஏட்டி, இனி யாரு போடுவா?” என்றாள் விக்கெட் கீப்பர் பெல்சி.

ஜெனிஷா அம்பயரைப் பார்த்தாள். “சார், லெப்ட் ஆர்ம்.”

ஓடி வந்து வீசினாள். அப்படியொரு வேகத்தை அவளே கண்டதில்லை. ஸ்டம்ப் பெல்சியின் தலைக்கு மேல் பறந்தது.

சங்கத்துக்காரர் இன்னொரு பட்டையோடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். ஜெனிஷா பந்தைப் பொறுக்கிக்கொண்டு, இடது கையால் எறிந்தும் பிடித்தும் எறிந்தும் சிரித்தபடி, அவருக்கு அகப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.