தேறாத சோகம்

"உங்க அக்கா வீட்டைவிட்டுப் போயிட்டா, மாப்ளே!" ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த பாடகர், தோளில் தொங்கிய கிட்டாரை இறக்காமலே விம்மினார்.

ஒலிப்பதிவுக் கருவிகளின் முன் அமர்ந்திருந்த மைத்துனன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இத்தனை வருஷம் உங்களோட இருந்ததே அதிசயம், மாமா."

ஜாஸும், சோகத்தையே பாடும் ப்ளூஸும் தாமே எழுதிப் பாடிப் பெயர் வாங்கியவர் அவர். வறுமையில் பிறந்த முதல் இசைத்தட்டு கேட்டவரையெல்லாம் அழவைத்தது. கல்யாணத்துக்குப் பின் வந்த இரண்டும் கடையிலேயே தூங்கின. இன்றைய பாட்டும் தேறாவிட்டால் இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைகழுவிவிடும்.

மனைவி பிரிந்த ஒருவனின் புலம்பல் அந்தப் பாட்டு. கூண்டில் பழம் தின்னும் கிளி காட்டுப் பசியைப் பாடியதுபோல, அதை ஒரு வாரமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"வேளாவேளைக்குச் சாப்பாடு, தேய்ச்ச சட்டை, துடைச்சு வெச்ச கிட்டாரு, எல்லாம் அக்கா கையால. இப்படி வளர்ந்த வயித்துலேர்ந்து ஏப்பம்தான் வரும். சோகம் எங்கேர்ந்து வரும்?" என்று நேற்றுதான் மைத்துனன் குத்திக்காட்டியிருந்தான்.

இப்போது கேட்டான்: "போறப்ப அக்கா என்ன சொல்லிச்சு?"

"தெரியலையே! நான் கிட்டாருக்குக் கம்பி மாத்திக்கிட்டிருந்தேன். ஏதோ சொன்னா மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். அவளோட வீட்டுச் சாவி மட்டும் மேசை மேல கிடந்துச்சு."

"சாவியையுமா வெச்சுட்டுப் போச்சு?" மைத்துனனின் புருவம் ஒரு கணம் உயர்ந்து இறங்கியது. "சரி சரி, இங்க மூக்கைச் சிந்தாதீங்க. உள்ள போய்ப் பாடுங்க."

கண்ணாடி அறைக்குள் முதல் வரியிலேயே குரல் உடைந்தது. விரல் தொட்ட இடமெல்லாம் கிட்டார் தேம்பியது. பாட்டு முடிந்தபோது, கல்லுளிமங்கனான டிரம்ஸ்காரரே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைத்துனன் வராந்தாவுக்கு ஓடிவந்து, பின்னால் கதவைச் சாத்திவிட்டு, அக்காவைக் கைப்பேசியில் அழைத்தான்.

"அக்கா, நேத்து நான் சொல்லிக்கொடுத்த நாடகம் பலிச்சிடுச்சு! மனுஷன் நிஜமாவே அழுது தீர்த்துட்டாரு. பாட்டு பிரமாதம். போதும், நீ வீட்டுக்குத் திரும்பிடு."

மறுமுனையில் ரயில் கூவும் ஓசை கேட்டது. அது ஓயும்வரை அக்கா பொறுத்திருந்தாள்.

"நான் நடிக்கலைடா, தம்பி."