வெண்டல் கண்ட குற்றங்கள்

"ஒரு எழுத்தை வெட்டினாலும் சந்தாவை நிறுத்திடுவேன், ஆமாம்!"

திங்கட்கிழமை காலையில் வெண்டல் ப்ராக்கெட் ஒட்டிய உறையை என் மேசைமேல் போட்டார்.

வயோமிங்கில் எங்கள் சின்ன ஊரின் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், தரை கூட்டுகிறவள் எல்லாம் நான்தான். அதில் 'வாசகர் கருத்து' என்று ஒரு பகுதி. ஞாயிறுதோறும் டிவியில் வரும் கௌபாய் தொடரைக் கிழித்துத் தொங்கவிடுவதற்காக, எட்டு வாரமாக வெண்டல் அதைக் குத்தகைக்கே எடுத்திருந்தார்.

"இந்த வாரம் என்ன குற்றம்?"

"ஒண்ணா, ரெண்டா? டிசம்பர் பனியில, அன்னிக்குத்தான் பொறந்த கன்னுக்குட்டி துள்ளி ஓடுது! குதிரையில இடது பக்கமாத்தான் ஏறணும்; ஹீரோ வலது பக்கமா ஏறுறான். வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. நாமளும் திட்டுறோம், இல்லேங்கல. மாட்டைப் பார்த்துத் திட்டுவோம். சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டா திட்டுவோம்?"

"அவ்வளவு பிடிக்கலேன்னா பாக்காம இருந்துடலாமே?"

"நம்மளப் பத்தி என்னென்ன புளுகுறான்னு யாராவது கண்காணிக்க வேண்டாமா?"

தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த தீவனக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த நிமிடமே அவர் மனைவி லோரீன் உள்ளே வந்தாள். அவர் கடைக்குள் நுழையட்டும் என்று வண்டியிலேயே காத்திருந்திருக்கிறாள்.

"நடீன், உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன். இனிமே அவர் கடிதத்தைப் போடாதடி."

"ஏன்? ஊரே முதல்ல அதைத்தானே படிக்குது!"

"கோல்பியும் படிக்கிறான்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. கோல்பி அவர்களுடைய ஒரே மகன். மாடு மேய்த்தது போதும் என்று இரண்டு வருடம் முன்பு கிளம்பிப் போனவன், இப்போது அந்தத் தொடரில்தான் சண்டைக் கலைஞன். காசுக்குக் குதிரையிலிருந்து விழுகிறவன் என் மகனே இல்லை என்று அன்றைக்குச் சொன்னவர் வெண்டல். அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"நேத்து போன் பண்ணான். மே மாசம் கன்னுக்கு அடையாளச் சூடு போட வரட்டுமான்னு கேட்டான். அப்புறம் அவனே, 'வேண்டாம்மா. என் பொழப்பை வாரா வாரம் ஊர் சிரிக்க வைக்கிறாரு. நேர்ல பார்த்தா என்ன சொல்வாரோ'ன்னு வச்சுட்டான்." லோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெண்டல்கிட்ட சொன்னியா?"

"சொல்லாமலா? 'உன் மகன் அதுல எங்கே இருக்கான்? எல்லாவன் மூஞ்சியிலயும் தாடியும் புழுதியும். எவன் அவன்னு யாரு கண்டா?'ங்கிறாரு. பெத்த எனக்கே தெரியல, அவருக்கா தெரியப் போகுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரரா?

"இன்னியோட நிறுத்திட்டேன், போ" என்று உறையைக் குப்பைக் கூடைக்கு மேலே நீட்டினேன். ஆனால் பத்திரிகைக்காரியின் கை சும்மா இருக்குமா? பிரித்துவிட்டேன்.

கன்றுக்குட்டி இருந்தது. வலது பக்கம் ஏறிய ஹீரோவும் இருந்தான். எத்தனை கெட்ட வார்த்தை என்றுகூட எண்ணி எழுதியிருந்தார். அதற்கும் கீழே ஒரு பத்தி. அதை லோரீனுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான புகார். எட்டு வாரமாக ஒரே ஆளையே கொன்றுகொண்டிருக்கிறீர்கள். முதலில் கொள்ளைக்காரன், போன வாரம் சிப்பாய், நேற்று பாதிரியார். தாடியை மாற்றிவிட்டால் எங்களுக்குத் தெரியாதா? குதிரைமேல் இடது தோளை இறக்கி உட்காருகிறவன் இந்த மாவட்டத்திலேயே ஒருவன்தான். அப்படி உட்காராதேடா என்று பன்னிரண்டு வருடம் கத்தியவன் நான். நீங்கள் அவனைச் சுடும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தூக்கம் போகிறது. மே மாதம் ஒரு வாரமாவது அவனைக் கொல்லாமல் ஊருக்கு அனுப்பிவையுங்கள். கன்றுக்குச் சூடு போட இங்கே ஆள் இல்லை."