எழுதியவர் பேசக் கூடாது

கல்லூரி ஜன்னலுக்கு வெளியே பனி விடாமல் பெய்கிறது. கவிஞர் நடீன் நடத்தும் கவிதை வகுப்பில் பல வருடங்களாக ஒரே விதிதான்: தன் கவிதையை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இன்று மேசையைச் சுற்றி வரும் தாளில் பெயர் இல்லை. ஒரே கார் நிற்கும் வாசலில், இரண்டு கார் நிற்கும் அளவுக்குப் பனியை அள்ளி ஒதுக்கும் ஒருத்தியைப் பற்றிய கவிதை. "புருஷன்தான் அவளை விட்டு ஒரேயடியா போய்ட்டானே, அப்புறம் எதுக்கு வெட்டி வேலை?" என்று மாணவன் கோரி சிரிக்கிறான். "அது அவளுக்குத் தெரியாதாடா? பனி மூடிட்டா அவன் கார் நின்ன இடமே இல்லாமப் போயிடும்ல," என்கிறாள் டெஸ்ஸா. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மெல்ல முனகுகிறது. "நீங்களே சொல்லுங்க நடீன், யார் சொல்றது சரி?" என்று கோரி கேட்கிறான். ஆறிப்போன காப்பிக் கோப்பையை இரு கைகளாலும் பொத்தியபடி நடீன் பனியைப் பார்க்கிறாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை.