மூத்திர டாக்டர்

ஃபர்ஹா கறித்துண்டை எலும்புக்கு அடியில் ஒளித்து வைப்பதை நிலோபர் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டாள்.

வில்லாபுரத்து வீட்டு மாடியில் பந்தல். மருமகள் ஃபர்ஹா பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று ஜெயினம்பு தெருவையே விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். மருமகளோ பிரியாணியில் சோற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுக் கறி மகாராணிக்கு எறங்காதாம்," என்றாள் ஜெயினம்பு, பந்தி முழுக்கக் கேட்கும்படி. "முட்டையும் வேணாம், பருப்பும் வேணாம்!"

நிலோபர் ஜெயினம்புவின் தங்கை. ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருடத்துக்கும் மேல் இருந்து ஓய்வு பெற்று, போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

தின்கிற கறியிலும் பருப்பிலும் உள்ள நைட்ரஜனை உடம்பு எப்படிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, வெளியேற்ற முடியாதவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் கட்டுரைகளை எங்கெங்கோ உள்ள டாக்டர்கள் வாசித்தார்கள்.

குடும்பத்தில் அவளுக்கு மூத்திர டாக்டர் என்று பெயர்.

அவள் ஃபர்ஹாவின் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். ஒளித்து வைத்த கறியை எல்லாம் தன் தட்டுக்கு மாற்றி, ரசித்துத் தின்றபடியே மெதுவாகக் கேட்டாள்.

"கறி தின்னா ஒனக்கு என்னத்தா செய்யுது?"

"தலை சுத்தும் மாமி. வாந்தி வரும். போன பக்ரீத்துக்கு மறுநாளு நான் என்ன பேசுனேன்னே எனக்குத் தெரியல."

"கூடப் பொறந்தவக?"

"அண்ணன் ரெண்டு பேரு. தொட்டில்லயே போயிட்டாக. கண்ணேறுன்னு அம்மா சொல்லும்."

நிலோபர் எலும்பைக் கீழே வைத்தாள்.

கறியைக் கண்டால் ஒதுங்கும் பெண். பிறந்து நிலைக்காத ஆண் பிள்ளைகள். இப்படி எத்தனையோ குடும்பங்களைத் தாளில்தான் படித்திருக்கிறாள். ஒரு தாள் தன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பது இதுதான் முதல் தடவை.

அப்படியானால் நைட்ரஜன் இந்தப் பெண்ணுக்குள் அமோனியாவாகத் தேங்கி மூளைக்கு ஏறுகிறது. இத்தனை நாள் அவளைக் காப்பாற்றியது அந்த ஒளித்து வைக்கும் புத்திதான். பிள்ளை பெற்ற பிறகு வரும் நாட்களில் அது போதாது.

நிலோபர் எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலியான ஊறுகாய் பாட்டிலை நாலு தடவை கழுவினாள். ஃபர்ஹாவின் கையில் கொடுத்து, காதோடு ஏதோ சொல்லி, குளியலறைப் பக்கம் அனுப்பினாள்.

பாட்டில் திரும்பி வந்ததும் நேராக ஜிகர்தண்டா போட வந்திருந்த காசிமாயனிடம் போய், அவரது ஐஸ் பெட்டியைத் திறந்து, பாட்டிலை உள்ளே நட்டு வைத்தாள்.

பந்தி அப்படியே நின்றுவிட்டது.

"விருந்துல கூடவாடி?" என்று ஜெயினம்பு தலையில் அடித்துக்கொண்டாள்.

காசிமாயன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "டாக்டரம்மா, அந்த ஐஸ நீங்களே வச்சுக்கங்க. திருப்பி மட்டும் தந்துராதீக."

அன்று மாலையே அந்தப் பெட்டி ஹைதராபாத்துக்கு விமானம் ஏறியது.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நிலோபர் நினைத்தது சரிதான். ஜெயினம்பு முதல் தடவையாகக் கேலி எதுவும் பேசவில்லை.

"பொறக்கப்போற பிள்ளைக்கும் இருக்குமா?"

"ஆம்பளப் பிள்ளைன்னா பாதிக்குப் பாதி. முன்னாடியே தெரிஞ்சா தயாரா நிக்கலாம்க்கா. தெரியாமப் போனாத்தான்..."

பிரசவத்துக்கு முன்பே நிலோபர் எழுதிக் கொடுத்த மருந்தெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. பிறந்தது ஆண் பிள்ளை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாயின் கோளாறு பிள்ளைக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஃபர்ஹா தன் கணவன் சிராஜை உற்றுப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டாள்.

அவன் அழுதேவிட்டான். டாக்டர்கள் பதறவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தார்கள். அடுத்த நிமிடமே மருந்து ஏறியது.

நாலாம் நாள் காலையில் கண் விழித்தவள், "என்ன மச்சான் இது கோலம், போய் மொகத்தச் சவரம் பண்ணிட்டு வாங்க," என்றாள். சிராஜ் அதற்கும் அழுதான்.

ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கிப் பெயர் வைக்கக் கூடினார்கள். வீடு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சிராஜ் போனில் நாற்பது பெயர் எழுதி வைத்திருந்தான்.

ஜெயினம்பு யார் பேச்சையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நிலோபரின் மடியில் வைத்தாள்.

"நீ சொல்லு பேர."

"நானா? நான் எதுக்குக்கா?"

"முப்பத்தாறு வருஷமா ஒருத்தருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கியே, அந்தப் பேர." ஜெயினம்புவின் குரல் இறங்கியிருந்தது. "ஒம் பிள்ளைக்குத்தான் ஏழாம் நாளு வராமப் போச்சு. சொல்லுடி."

நிலோபர் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா," என்றாள் ஜெயினம்பு.

"பரீத்."