இந்த வருஷத்துச் சூசையப்பர்

கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கிளாடிஸ் பிள்ளையை நீட்டிவிட்டாள். வைக்கோல் பரப்பிய குடிலுக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் முழந்தாளிட்டிருந்தார்கள். அவள் நீல முக்காட்டில் மாதா. அவன் பழுப்பு அங்கியில் சூசையப்பர். பசை போட்டு ஒட்டிய பஞ்சுத்தாடி கன்னத்தை இழுத்தது.

அந்தக் கடற்கரை ஊரின் வழக்கம் இது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசியாகப் பிறந்த பிள்ளைதான் அந்த வருஷத்துப் பாலன் இயேசு. பெற்றவர்கள்தான் மாதாவும் சூசையப்பரும். காலைப் பூசையில் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, பெயரை ஊரறியச் சொல்லி, தீவனத் தொட்டியில் கிடத்த வேண்டும்.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

அதனால்தான் வந்திருந்தான்.

கப்பல் வேலையிலிருந்து அவன் வந்திறங்கியது மார்ச் மாதத்தில். பிள்ளை பிறந்தது நவம்பரில். குறைமாசம் என்றார் டாக்டர். பிள்ளையோ கொழுகொழுவென்று இருந்தது. அவன் அம்மா மாசக் கணக்குக்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

அவனும் மடக்கிப் பார்த்தான்.

அன்றிலிருந்து மொட்டை மாடியில் படுக்கை. பிள்ளை அழுதால் செருப்பை மாட்டிக்கொண்டு கடலோரம் போய்விடுவான். கிளாடிஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வாய் வந்தால்தானே! புது வருஷம் கழிந்ததும் கப்பலேறிவிடுவது, இனி இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான்.

சற்று முன்புதான் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். மாதா கர்ப்பம் என்று தெரிந்ததும் சூசையப்பரும் யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்ளத்தான் பார்த்தாராம். அப்புறம் ஒரு கனவு வந்ததாம். விழித்ததும் எழுந்தாராம், ஒரு கேள்வி கேட்காமல் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டாராம். விசுவாசம் என்றால் அதுதான் என்றார்.

இவனுக்கு எங்கே கனவு வந்தது? அம்மாவின் விரல்கள்தான் வந்தன.

பிள்ளையை வாங்கினான். தலை சட்டென்று பின்னால் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள்.

“தலைய ஏந்திப் பிடிங்க,” என்றாள் கிளாடிஸ், உதடு அசையாமல். “நீங்க இன்னும் தூக்குனதே இல்லல்லா.”

குசுகுசுவென்றுதான் சொன்னாள். ஆனால் வைக்கோலுக்குள் மைக் இருந்தது. பாலன் அழுகிற சத்தம் ஊருக்கே கேட்க வேண்டும் என்று உபதேசியார் வருஷா வருஷம் அங்கே ஒளித்துவைப்பார். பதற்றத்தில் அவளுக்கு அது மறந்தே போயிற்று.

தூக்குனதே இல்லல்லா.

கோபுரத்து ஒலிபெருக்கி அதைக் கடல்வரைக்கும் கொண்டுபோனது. வாசலில் பலூன் விற்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

பெண்கள் பக்கம் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். போதாதா? விரல் மடக்க ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்?

கிளாடிஸ் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தூக்காதவன் அவன். தலைகுனிந்தவள் அவள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அந்தப் பஞ்சுத்தாடி மட்டும் இல்லையென்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பான்?

பிள்ளையின் தலைக்கடியில் கையைக் கொடுத்தான்.

சூடாக இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற தலை. இத்தனை நாளும் இதற்குப் பயந்துதான் கடலோரம் ஓடினானா?

பிள்ளை அழவில்லை. தாடியில் ஒரு பிரியை இறுகப் பிடித்துக்கொண்டது. நீ யார் என்று கேட்கவில்லை.

உபதேசியார் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “சரி சரி, பாலனுக்குப் பேரு என்னன்னு சொல்லுப்பா.”

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை; வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வந்திருந்தான்.

மூத்த பையனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர். அந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆனால் செத்துப்போன தன் புருஷன் பெயரை இந்தப் பிள்ளைக்கு எடுக்க அம்மா விடவில்லை. அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கிளாடிஸும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் தெரியாதென்றா அர்த்தம்?

இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். மாடிப் படுக்கை ஏன் என்று தெரியும். பெயர் ஏன் வரவில்லை என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்று வேளையும் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

சீ, என்ன மனுஷன்!

முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றிருந்தன.

அவன் வைக்கோலைப் பார்த்துக் குனிந்தான்.

“சந்தியாகு,” என்றான். இன்னும் கிட்டே குனிந்து மறுபடியும் சொன்னான். “சந்தியாகு. எங்க அப்பா பேரு.”

ஒலிபெருக்கி அதையும் கடல்வரைக்கும் கொண்டுபோனது.

கோயிலே கைதட்டியது. மணி அடித்தது. பாடகர் குழு பாட்டை எடுத்தது. யாரோ ஒரு கிழவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை மெதுவாகத் தொட்டியில் கிடத்தினான். தாடியைப் பிடித்த விரல்களை விடுவிக்க வெகுநேரம் ஆயிற்று. பாதித் தாடி பிள்ளையோடு போனது.

முகம் வெளியே தெரிந்தது. மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

கிளாடிஸ் கைதட்டவில்லை. அழவும் இல்லை.

வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். மைக்கை எடுத்தாள். சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

பிறகு முக்காட்டை விலக்கி அவனை நேராகப் பார்த்தாள்.

ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இன்னும் இல்லை.

அவள் காத்திருந்தாள்.